நாலு மில்லிமீட்டர்

முதலாளி வண்டியின் சத்தம் கேட்கவில்லை. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

ஏகோன் ராப் முப்பத்தொன்பது வருஷமாக ப்ரோசி ஆலையில் ஊசி தேய்க்கிறவர். தைக்கிற ஊசி இல்லை, டீசல் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தூவுகிற இஞ்செக்டர் ஊசி. ஒரு தலைமுடியை ஐம்பதாகப் பிளந்தால் ஒரு கூறு எவ்வளவோ, அதற்கு மேல் அளவு பிசகினால் ஊசி குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். இப்படிப்பட்ட வேலையிலேயே கிடந்த மனுஷனுக்குக் காது மட்டும் மந்தமாகவா இருக்கும்? தினமும் காலை ஆறு நாற்பதுக்கு வென்டலின் ப்ரோசியின் பெரிய சாம்பல் நிற டீசல் கார் கேட்டுக்குள் நுழையும். அதன் லடக் லடக் சத்தம் மதிலில் மோதித் திரும்பி, ஜன்னல் வழியாக வந்து ஏகோன் முதுகில் தட்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் முதல் ஊசியைக் கையில் எடுப்பார். அந்த அக்டோபர் திங்கட்கிழமை ஆறு ஐம்பதாகியும் முதுகில் எதுவும் தட்டவில்லை. முதலாளிக்குக் காய்ச்சலோ என்று ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்.

கார் அதன் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதே சாம்பல் நிறம், அதே நம்பர், அதே உருவம். ஆனால் புத்தம் புதுசு. பின்னால் எழுத்து எதுவும் இல்லை.

எழுத்து இல்லாததில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. ஆலை இருக்கிற எர்லன்டால் பள்ளத்தாக்குக்காரர்கள் கார் வாங்கப் போனால் பேசுகிற முதல் பேச்சே, டிக்கி மேல் மாடல் பெயர் எதையும் ஒட்டக்கூடாது என்பதுதான். ஏன் என்று விற்கிறவனும் கேட்க மாட்டான், அவனும் இந்தப் பக்கத்து ஆள்தானே. இருக்கிறவனுக்கு இருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. இல்லாதவனுக்கு இல்லாதது தெரியக்கூடாது. ஆகமொத்தம் இந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகிற கார்களில் முக்கால்வாசிக்கு மொட்டைப் பின்புறம்தான்.

"புது வண்டி எடுத்துட்டாரு தலைவரே," என்றான் பக்கத்து மெஷினில் நிற்கிற செலாமி. "பழசு மாதிரியே ஒண்ணு எடுத்திருக்காரு. காசைக் கொட்டிட்டு, கொட்டலைன்னு காட்டுறதுல நம்ம முதலாளிய அடிச்சுக்க ஆள் இல்ல."

செலாமியின் அப்பா துருக்கியிலிருந்து வந்து இதே கூடத்தில் வேலை பார்த்தவர். மகன் பேசுகிற பேச்சோ எர்லன்டால்காரனே தோற்றுப்போகிற பேச்சு. ஏகோன் ஆலையின் தொழிலாளர் குழுவுக்குத் தலைவர் என்பதால் அவரைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவான். அதில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

ஒன்பது மணிக்கு எல்லாரும் ரொட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் முதலாளியே கூடத்துப் பக்கம் வந்தார். யாரோ வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு, பழசு தேய்ந்துவிட்டது, அதையே புதுசாக எடுத்துவிட்டேன், இந்தக் கால டீசல் பூனை மாதிரி சத்தமில்லாமல் வருகிறது, எல்லாம் நாம் தேய்க்கிற ஊசியின் மகிமை என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஏகோன் வாயில் இருந்த ரொட்டியை மென்றுகொண்டே, எங்கேயோ இடிக்கிறதே என்று நினைத்தார். சத்தமில்லாத டீசல் இருக்கலாம். ஆனால் கேட்டது வண்டியைப் பற்றி, முதலாளி ஊசியின் மகிமையை எதற்கு இழுத்துக்கொண்டு வருகிறார்?

ஒரு கார் சத்தத்துக்கா இவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏகோன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதுதான் விஷயம்.

அந்த வருஷம் ஜனவரியிலிருந்து பழைய டீசல் வண்டிகள் பக்கத்துப் பெரிய நகரமான ஸ்டுட்கார்ட்டுக்குள் போகக்கூடாது என்று ஆகிவிட்டது. பேப்பரைத் திறந்தால் டீசலைத் திட்டாத பக்கம் கிடையாது. ஊசிக்கு வருகிற ஆர்டர் மெலிந்துகொண்டே போயிற்று. அதனால் முதலாளி ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தார். வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேர வேலை நாற்பதாகும், கூடுதல் ஐந்து மணிக்குக் கூலி கிடையாது, இரண்டு வருஷத்துக்கு இப்படி. பதிலுக்கு ஐந்து வருஷம் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார், டீசல் ஊசிக்குப் புது மெஷின்கள் வாங்கிப் போடுவார். நூற்றுப் பன்னிரண்டு பேருக்காக ஏகோன் ஒருவர் கையெழுத்து.

மூன்று வாரமாக ஒவ்வொருவரிடமும் போய், டீசலுக்குச் சாவே கிடையாது, லாரி எதில் ஓடும், கப்பல் எதில் ஓடும், ஐந்து மணி நேரத்தைக் கொடுத்து ஐந்து வருஷத்தை வாங்குவோம் என்று பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டவரும் அவரேதான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். இப்போது முதலாளியே டீசலைக் கைகழுவிவிட்டு வேறெதிலோ ஏறி உட்கார்ந்திருந்தால்? நூற்றுப் பன்னிரண்டு பேர் தலையிலும் மிளகாய் அரைக்க ஏகோன் அம்மி தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

செவ்வாய்க்கிழமை ஏகோன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார். குப்பைக் கூடையைக் கொட்டப் போகிற சாக்கில் அதைச் சுற்றி வந்தார். சக்கரத்துக்குள் தெரிந்த பிரேக் தட்டு அவர் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிசாக, துளை துளையாக இருந்தது. சாதாரணமாக ஆபீசுக்கு வந்துபோகிற மனுஷனுக்கு இவ்வளவு பெரிய பிரேக் எதற்கு? இவ்வளவு பிரேக் வேண்டுமென்றால் அவ்வளவு வேகம் இருக்க வேண்டுமே. பின்னால் புகைக்குழாய் வேறு நாலு. செலாமியிடம் சொன்னதற்கு, இப்போதெல்லாம் டீசலுக்கும் அலங்காரத்துக்கு நாலு குழாய் வைக்கிறார்கள், அதில் இரண்டு சும்மா ஓட்டை, விடுங்கள் தலைவரே என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். அதனால்தான் எரிச்சல் கூடியது.

புதன்கிழமை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். எஞ்சின் சுற்றுவதைக் காட்டுகிற முள்ளைப் பார்த்தால் கதை முடிந்தது. டீசலுக்குச் சிவப்புக் கோடு ஐயாயிரத்துக்குள்ளேயே வந்துவிடும், பெட்ரோலுக்கு ஏழாயிரம் வரை போகும். ஆனால் இந்தக் காலத்து வண்டியில் முள் ஏது? எல்லாம் திரை. வண்டி நின்றால் திரை கன்னங்கரேல் என்று கிடக்கிறது. எரிபொருள் மூடியை விரலால் அழுத்திப் பார்த்தார். வண்டி பூட்டியிருந்தால் அதுவும் பூட்டித்தான் இருக்கும், திறக்கவில்லை. மூடிக்கு உட்புறம் என்ன ஊற்ற வேண்டும் என்று எழுதியிருக்குமே என்று மறுபடி அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் முதலாளியின் குரல் கேட்டது.

"என்ன ஏகோன், பிடிச்சிருக்கா?"

தனியாக இருக்கும்போது இரண்டு பேரும் நீ, நான்தான். வென்டலினின் அப்பா பெரிய ப்ரோசி தன் மகனை நேரே ஆபீசில் உட்கார வைக்கவில்லை. மூன்று வருஷம் கூடத்தில், ஏகோன் பக்கத்து மெஷினில், கையில் எண்ணெய்யோடு நிறுத்தி வைத்தார். ஒரே பெஞ்சில் ரொட்டி தின்றவர்கள். ஊர் முன்னால் மட்டும் 'முதலாளி', 'ராப்' எல்லாம்.

"வென்டல், இது டீசல்தானா?" என்று ஏகோன் நேராகவே கேட்டுவிட்டார்.

"நம்ம ஆலைக்கு முதலாளியா இருக்கிறவன் வேற எதை ஓட்டுவான்?" என்றார் வென்டலின். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு மாடிப்படி ஏறிப் போனார்.

ஏகோன் அங்கேயே நின்றார். வேலை பழகிய காலத்தில் வென்டலின் ஒரு ஊசியைக் கெடுத்துவிட்டால் மேஸ்திரி வந்து கேட்பார், இதைக் கெடுத்தது நீயா என்று. வென்டலின் பொய் சொல்ல மாட்டான். வீட்டில் பைபிள் வைத்து வளர்த்த பையன். அதற்குப் பதிலாக, இதை வேறு யார் கெடுத்திருக்க முடியும் என்று நினைக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பான். மேஸ்திரி குழம்பிப் போய்விடுவார். நாற்பது வருஷம் ஆகப்போகிறது. ஆள் மாறவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி மார்கிட் பருப்பும் நூடுல்ஸும் சாசேஜும் எடுத்து வைத்தாள். ஏகோன் தட்டைத் தொடாமல் பிரேக் தட்டு, நாலு குழாய், கறுப்புத் திரை என்று அடுக்கிக்கொண்டே போனார். மார்கிட் முழுசாகக் கேட்டுவிட்டு, பருப்பு ஆறிப்போகிறது என்றாள். பிறகு, "நீங்க ஏன் அந்த வண்டியையே மோந்து மோந்து பாக்குறீங்க? கையில எத்தனை வருஷத்துக்கு ஆர்டர் இருக்குன்னு அவர்கிட்ட கேளுங்களேன்," என்றாள். வண்டி பொய் என்றால் காகிதமும் பொய், அதை முதலில் நிரூபிக்க வேண்டும் என்றார் ஏகோன். மார்கிட் மேற்கொண்டு பேசவில்லை. அவள் அப்படி வாயை மூடிக்கொண்டாலே ஏகோனுக்கு அதிலும் ஒரு சந்தேகம் வந்துவிடும். அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

இரவு படுக்கையில் புரண்டபோதுதான் பம்ப் நினைவுக்கு வந்தது.

ஆலை முற்றத்தில் பெரிய ப்ரோசி காலத்து டீசல் பம்ப் ஒன்று உண்டு. ஆலை லாரிகளுக்காக வைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து போகும்போது தொழிலாளர்களும் அதில் வாங்கின விலைக்கே போட்டுக்கொள்ளலாம். நாம் செய்வதை நாமே எரிக்க வேண்டும் என்பது பெரிய ப்ரோசியின் கட்டளை. எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன்னால் அவர் தன் வண்டியைப் பம்புக்குக் கொண்டுவந்து, எல்லார் கண் முன்னாலும், தன் கையாலேயே டீசல் போடுவார். மகனும் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறார். டீசல் பம்பின் மூக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமன். பெட்ரோல் வண்டியின் வாய் இருபத்தொன்றுக்கு மேல் இடம் கொடுக்காது. டீசல் வண்டி என்றால் மூக்கு உள்ளே போகும், பெட்ரோல் என்றால் தலைகீழாக நின்றாலும் போகாது. இதை விட நல்ல அளவுகோல் உலகத்தில் உண்டா? ஏகோன் எழுந்து உட்கார்ந்து தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை செலாமியிடம் திட்டத்தைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கு ஏகோனுக்குப் பிடிக்கவில்லை. பம்ப் எல்லாம் எதற்கு, முற்றத்தில் எல்லார் முன்னாலும் எதற்கு, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் போகிறது என்று இழுத்தான். எதற்கெடுத்தாலும் முன்னால் நின்று வாயடிக்கிறவன் அன்றைக்கு மென்று முழுங்கினான். இவனையும் முதலாளி வளைத்துப் போட்டுவிட்டாரோ என்று ஏகோனுக்குத் தோன்றியது. பத்து வருஷம் பக்கத்தில் நின்றவனைச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் தோன்றியது தோன்றியதுதான். அதற்குப் பிறகு அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். நடுவில் ஒரு மேசை, மேசையில் காகிதம், காகிதத்தின் மேல் பேனா. முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு வந்து பேசினார். கஷ்ட காலம், குடும்பம் மாதிரி இருந்தோம், குடும்பம் மாதிரியே தாண்டுவோம் என்றார். முடித்துவிட்டு ஏகோனைப் பார்த்தார். ஏகோன் மேசைப் பக்கம் போகவில்லை. பம்ப் பக்கத்தில் போய் நின்றார்.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வழக்கம் இருக்கே முதலாளி. உங்க அப்பா காலத்துல இருந்து."

வென்டலின் முகத்தில் ஈயாடவில்லை. "டேங்க் நிறைய இருக்கே ராப். காலைலதான் போட்டேன்."

"எங்க போட்டீங்க? இங்க நீங்க போட்டு நான் பாக்கலையே." ஏகோன் குரல் தணிவாகத்தான் இருந்தது. "ஒரு லிட்டர் போதும். வழக்கத்துக்குத்தான்."

வென்டலின் கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து, வேண்டுமானால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி நீட்டினார். வண்டி பம்புக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றது, குழாய் எட்டும். ஏகோன் பூட்டைத் திறந்து மூடியை அழுத்தினார். இந்த முறை திறந்துகொண்டது. உட்புறம் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது, பெட்ரோல், அதிலும் உயர்ந்த ரகம். படித்துவிட்டார். படித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் ஊசி தேய்க்கிறவன் கண்ணை நம்ப மாட்டான், கை சொல்ல வேண்டும். பம்பின் மூக்கை எடுத்து வாயில் வைத்தார். விளிம்பில் முட்டி நின்றது. திருப்பி வைத்தார், முட்டியது. சாய்த்து வைத்தார், முட்டியது. நாலு மில்லிமீட்டர்.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "போகல," என்றார்.

இதற்காகத்தானே அவர் நாலு நாளாகத் தூங்காமல் இருந்தார். முற்றமே கொதித்து எழும், ஆளாளுக்குக் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் கத்தவில்லை. யாரோ இருமினார்கள். பெயிண்ட் பிரிவுக்காரர்கள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள். செலாமி வானத்தைப் பார்த்தான். எல்லாரையுமா வளைத்துவிட்டார்? நூற்றுப் பதினோரு பேரையுமா?

வென்டலின் கோட்டைக் கழற்றி மேசை மேல் போட்டார். "ஆமா, பெட்ரோல்தான். எட்டு சிலிண்டர். இருக்கிறதுலயே வேகமானது. எனக்கும் அறுபது ஆகப்போகுது, ஒரு தடவையாவது ஓட்டணும்னு ஆசை வந்துச்சு. ஓட்டினேன், விட முடியல. உங்ககிட்ட மறைச்சேன், அது தப்பு." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். இங்க நிக்கிற ஒவ்வொருத்தரும் உங்க உங்க வண்டிய இந்தப் பம்புக்கு எடுத்துட்டு வாங்க. யார் வண்டியில இந்த மூக்கு போகுதோ, அவங்க என்னை என்ன வேணா பேசுங்க. நான் கேட்டுக்கிறேன்."

யாரும் அசையவில்லை.

"செலாமி, போய் உன் வண்டிய எடுத்துட்டு வாடா," என்றார் ஏகோன்.

"என்னோடது வேணாம் தலைவரே."

"ஏன்?"

"மார்ச்லயே மாத்திட்டேன். பெட்ரோல்." அவன் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "பொண்ணு ஸ்டுட்கார்ட்டுல படிக்கிறா. டீசல்ல உள்ள போக முடியல. நீங்க வேற டீசல் டீசல்னு ஊரெல்லாம் பேசிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்றது? பின்னாடி எழுத்து வேண்டாம்னு சொல்லி வாங்கிட்டேன்."

அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் தன்னுடையதும் அப்படித்தான் என்றாள். பின்னாலிருந்து ஒருவன், என்னுடையது பாதி மின்சாரம் என்றான். தரம் பார்க்கும் பிரிவுக்காரர்கள் மூன்று பேரும் ஒரே நாளில் போய் ஒரே கடையில் மாற்றியிருந்தார்களாம், ஒருவனுக்கு ஒருவன் தெரியாமல். அதற்கு மட்டும் இரண்டு பேர் சிரித்தார்கள். ஏகோன் வண்டிகள் நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாக மொட்டைப் பின்புறம். அவற்றைத் தினமும் கடந்துதானே போகிறார். முதலாளி வண்டியைச் சுற்றி வந்த நாலு நாளும் இவற்றுக்கு நடுவில் நடந்துதானே அதன் கிட்டப் போனார்.

அப்போதுதான் வெள்ளிக்கிழமை வரிசை அவர் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் பம்புக்கு நிற்கிற வண்டிகள் கேட்டைத் தாண்டித் தெருவரை நிற்கும். சமீப மாதங்களாக வரிசை குறைந்து, குறைந்து, கோடையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஆகி, இப்போது ஒருவரும் இல்லை. அவர் வந்தார், போட்டார், போனார். நல்லவேளை காத்திருக்க வேண்டியதில்லை என்று மார்கிட்டிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டதும் அவர்தான்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை டேங்கர் வந்துட்டு இருந்துச்சு," என்றார் வென்டலின். "ஜூனுக்கு அப்புறம் வரவே இல்ல. இந்தப் பம்புல இப்போ போடுறது நம்ம லாரிங்க ரெண்டும் நீயும்தான் ஏகோன்."

ஊர் முன்னால் அவரை நீ என்று வென்டலின் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஏகோனுக்கு அது உறைக்கக்கூட இல்லை. அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம், யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். மூன்று வாரம் டீசலுக்குச் சாவில்லை என்று இவர் பேசியபோது தலையை ஆட்டிய அத்தனை பேர் சட்டைப் பையிலும் பெட்ரோல் வண்டிச் சாவி இருந்திருக்கிறது. இவருக்காகத் தலையை ஆட்டியிருக்கிறார்கள். ஐந்து மணி நேரத்தையும் இவருக்காகவே கொடுக்கத் தயாராக நின்றிருக்கிறார்கள்.

வென்டலின் பேனாவை எடுத்து நீட்டினார். ஆக, ஒருத்தருக்கொருத்தர் சரியாகிவிட்டது, இனிமேலாவது கையெழுத்தைப் போடலாமே என்றார்.

ஏகோன் பேனாவை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தார். மார்கிட் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

"கையில எத்தனை வருஷத்துக்கு ஆர்டர் இருக்கு?"

"அஞ்சு வருஷம்னு எழுதியிருக்கேனே, பாக்கலையா?"

"வென்டல்," என்றார் ஏகோன், "கேள்வி கேக்காத. பதில் சொல்லு."

முதலாளியைப் பெயர் சொல்லி, அதுவும் பழகின காலத்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதை எல்லாரும் கேட்டார்கள். வென்டலின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு," என்றார். "ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் எடுக்க மாட்டோம்னு ஆகஸ்ட்லயே சொல்லிட்டாங்க."

இப்போதுதான் முற்றம் கொதித்தது. இரண்டு வருஷம் சும்மா உழைப்பு, இரண்டு வருஷம் ஆர்டர். கூலியில்லாத கடைசி மணி நேரமும் கடைசி ஊசியும் ஒரே நாளில் முடியும். அதற்குப் பிறகு ஆலையே இல்லையென்றால் ஐந்து வருஷம் என்று எழுதின காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வண்டி பெட்ரோலில் ஓடினால் என்ன, தண்ணீரில் ஓடினால் என்ன? கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று, அதைக் கேட்காமல் ஏகோன் நாலு நாளாக எரிபொருள் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். பெயிண்ட் பிரிவுக்காரர்கள் கத்தினார்கள். அந்த இரண்டு வருஷத்துக்குள் வேறு ஏதாவது கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பினேன், உண்மையைச் சொன்னால் நல்ல ஆட்கள் முதலில் போய்விடுவார்கள் என்று பயந்தேன் என்று வென்டலின் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து ஏகோனுக்கு இரக்கமும் வந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

ஏகோன் பேனாவை மூடி வென்டலின் சட்டைப் பையில் சொருகினார்.

"திங்கக்கிழமை வேற காகிதம் கொண்டு வா. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இங்க என்ன தேய்க்கப் போறோம்னு அதுல எழுதியிருக்கணும்."

"எனக்கே தெரியலையே ஏகோன்."

"தெரியலைன்னு எழுது. அதுக்குக் கையெழுத்துப் போடுறேன். கூலியில்லாத அந்த அஞ்சு மணி நேரத்துல எல்லாரும் உக்காந்து தேடுவோம்."

கூட்டம் கலைய அரை மணி நேரம் ஆயிற்று. ஏகோன் தன் பதினேழு வருஷப் பழைய டீசல் வண்டியைக் கொண்டுவந்து பம்பில் நிறுத்தினார். வெள்ளிக்கிழமை அல்லவா. மூடியைத் திறந்து பம்பின் மூக்கை வைத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. எண் சுற்ற ஆரம்பித்தது. பின்னால் யாரும் இல்லை. செலாமி மட்டும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு மெதுவாக வந்து நின்றான்.

"கோபமா தலைவரே?"

"பத்து வருஷம் பக்கத்து மெஷின்ல நிக்கிற. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடா?"

"சொல்லலாம்னு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருவேன். நீங்க இங்க நின்னு, இன்னைக்கும் வரிசையே இல்ல பாருன்னு அவ்வளவு சந்தோஷமா சொல்வீங்க." அவன் தோளைக் குலுக்கினான். "அப்படியே போயிடுவேன்."

முற்றத்தின் மறுபக்கத்தில் வென்டலின் தலையைக் குனிந்தபடி வண்டியில் ஏறுவது தெரிந்தது. இத்தனை நாள் கேட்டுக்கு வெளியிலிருந்தே சத்தமில்லாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தவருக்கு இனி யாரிடம் மறைக்க வேண்டும்? எஞ்சின் எழுந்தது. வண்டி கேட்டைத் தாண்டியது. பள்ளத்தாக்குச் சாலையில் ஏறியதும் எட்டு சிலிண்டரும் ஒன்றாகத் தொண்டையைத் திறந்தன. சத்தம் மதிலில் மோதித் திரும்பி, மேட்டுக்குப் போய், தேவதாரு மரங்களுக்குள் நீண்டு போய்க்கொண்டே இருந்தது.

ஏகோன் பம்பைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். எங்கேயாவது ஒரு பிசிறு, ஒரு தட்டல் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றும் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் செலாமியிடம். பிறகு திரும்பி, டேங்க் நிறைந்துவிட்டதா என்று பார்த்தார்.